எல்லாருக்கும் பதினெட்டு

கையைப் பிடிச்சிருக்கது நாடி பாக்கதுக்கு இல்ல. நாடி பாத்து முடிச்சாச்சு, நூத்தி நாலு, உள்ளங்கையில பேனாவால குறிச்சும் வச்சாச்சு. இப்போ சும்மாதான் பிடிச்சிருக்கேன், இன்னும் நாடி பாக்கேன்னு இந்த அம்மா நெனைச்சுக்கிடட்டும்னு. மூச்சை எண்ணப்போறேன்னு சொல்லிட்டா மூச்சு மாறிரும். யாரும் வேணும்னு மாத்துததில்ல, தானா மாறிரும், போட்டோ எடுக்கப்போறேன்னா மூஞ்சி மாறுத மாதிரி. நர்சிங் முதல் வருசத்துலயே சொல்லிக்குடுத்தது இது. கண்ணு வாட்ச் முள்ளுல, ஓரக்கண்ணு நெஞ்சு மேல கெடக்க துண்டுல. துண்டு ஏறி இறங்குனா ஒண்ணு. முழுசா ஒரு நிமிசம். ஒண்ணு. ரெண்டு. மணி பத்து அம்பது. பெண்கள் ஆபரேஷன் வார்டு, பன்னெண்டாம் பெட்டு, வெள்ளத்தாய், வயசு அம்பத்தி நாலு, கர்ப்பப்பை எடுத்து இன்னைக்கு மூணாவது நாள். மூணு. நாலு. வலது கையில பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சும்மா கெடக்கப்பவும் எதையோ உருட்டுது, பீடி சுத்துத கை. நான் பிடிச்சிருக்கது இடது கை. அஞ்சு. இந்நேரம் நான் இங்க நிக்கவே கூடாது, எட்டாம் பெட்டுக்கு டிரெஸ்ஸிங் இருக்கு, இருபத்தி மூணுக்கு டிரிப்ஸ் முடியப்போகுது. பத்து மணி சார்ட்டெல்லாம் எழுதி முடிச்சாச்சு. இந்த அம்மாவுக்கும் எழுதியாச்சு. மூச்சுக்குன்னு இருக்க கட்டத்துல, என் கையெழுத்துல, பதினெட்டு.

எங்க வார்டுல எல்லாருக்கும் பதினெட்டுதான். முப்பத்திரண்டு பெட்டு, எந்தச் சார்ட்டை எடுத்து எந்த நேரத்தைப் பாத்தாலும் பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு, ஒரு மாறுதலுக்கு எங்கயாவது ஒரு இருபது. காய்ச்சலுக்கு தெர்மாமீட்டர் இருக்கு, பிரஷருக்கு மிஷின் இருக்கு, ஆக்சிஜனுக்கு விரல்ல மாட்டுத கிளிப் இருக்கு. மூச்சுக்கு மட்டும் ஒண்ணும் கிடையாது, ஒரு ஆள் ஒரு நிமிசம் சும்மா நிக்கணும். அந்தச் சும்மா நிக்கதுதான் யாராலயும் முடியல. காலையில ரெண்டே ரெண்டு சிஸ்டர், முப்பத்திரண்டு பேரு. வேலைக்கு வந்த மூணாவது நாள் நான் ஆறாம் பெட்டுல நின்னு எண்ணிக்கிட்டு இருந்தேன். எப்சிபா அக்கா பின்னால வந்து நின்னாங்க. வார்டு சீனியர், பதினாறு வருச சர்வீஸ். "ஏட்டி செல்வி, என்ன, சாமி கும்பிட்டுக்கிட்டு நிக்க?"ன்னாங்க. மூச்சு எண்ணுதேன்க்கான்னேன். "அவ இட்லி தின்னுக்கிட்டு மருமவளை ஏசிக்கிட்டு இருக்கா, அவளுக்கு மூச்சு நல்லாத்தான் இருக்கும். பதினெட்டு போட்டுட்டு வா, ஊசி போட நேரமாச்சு." அதுல கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்ல, ஒரு தங்கச்சிக்கு வேலை சொல்லிக்குடுக்க மாதிரிதான் சொன்னாங்க. எனக்குத்தான் வெக்கமாப் போச்சு. படிச்சதை வார்டுல வந்து ஒப்பிக்குதான்னு நெனைச்சிருவாங்களோன்னு. மறுநாள்ல இருந்து நானும் பதினெட்டு. முதல் பதினெட்டு எழுதும்போது கை கூசுச்சு. நாலாவதுக்குக் கூசல. இப்போ ஆறு வாரம் ஆச்சு, பேனா அதுபாட்டுக்கு எழுதுது.

எத்தன? அஞ்சுல விட்டேனா, ஏழா. போச்சு. திரும்ப முதல்ல இருந்துதான். முள்ளு பன்னெண்டுக்கு வரட்டும். அரை நிமிசம் எண்ணி ரெண்டால பெருக்கலாம், அதைக் கூட செய்யாதீங்கன்னு கோமதி மேடம் சொல்லுவாங்க, கடைசி வருச டீச்சர். அரை நிமிசத்துல ஒண்ணு தப்பா எண்ணுனா ரெண்டு தப்புன்னு. கடைசி நாள் எங்க முப்பத்தெட்டு பேரையும் உக்கார வச்சு புத்திமதி சொன்னாங்க, நாங்க பந்தி பந்தியா எழுதிக்கிட்டோம். டியூட்டிக்கு வெறும் வயித்தோட வராதீங்க. இன்னொருத்தி ஏத்தி வச்ச ஊசியை நீங்க போடாதீங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க, உங்க பேரு என்னன்னு கேளுங்க, அரைத்தூக்கத்துல எந்தப் பேரைச் சொன்னாலும் ஆமாம்பாங்க. இந்தா வாரேன்னு சொன்னா போங்க, போக முடியாதுன்னா சொல்லாதீங்க. அழுகை வந்தா போர்வை அலமாரி ரூமுக்குப் போய் அழுங்க, முகத்தைக் கழுவிட்டு வாங்க. மத்தது எல்லாம் இறங்குததுக்கு முன்னால மூச்சுதான் முதல்ல கூடும், பிள்ளைகளா, அதை விட்டுராதீங்க. எல்லாம் நோட்டுல இருக்கு. பெரிய ஆஸ்பத்திரியில, உனக்குச் சோறு குடுக்குத, உன்னையத் தங்கச்சின்னு கூப்பிடுத ஒரு அக்கா, எண்ணாத எழுதுன்னு சொன்னா என்ன செய்யன்னு மட்டும் நோட்டுல இல்ல. அதை ஒருத்தியும் எந்திரிச்சுக் கேக்கவும் இல்ல. ஒண்ணு. ரெண்டு. மூணு, நாலு. கொஞ்சம் வேகமாத்தான் வருது. இல்ல, எனக்குத்தான் அப்படித் தோணுதோ. எண்ண ஆரம்பிச்சா எல்லாரு மூச்சும் வேகமாத்தான் தெரியும்.

ஏன் வந்தேன்னா, மாத்திரை. பத்து மணிக்கு மாத்திரை குடுக்கும்போது இந்த அம்மா கேட்டாங்க, "இது சாப்பாட்டுக்கு... முன்னயா... பின்னயா"ன்னு. பின்னன்னு சொல்லிட்டு பதிமூணுக்குப் போயிட்டேன். பதினாலு, பதினஞ்சு, வரிசையா. இருபதாம் பெட்டுல போய் நிக்கும்போதுதான் அது உறுத்துச்சு. ஒரு சின்னக் கேள்விக்கு எதுக்கு ரெண்டு இடத்துல நிறுத்துனாங்க? ஆறு, ஏழு. நிறுத்தித்தான் பேசுவாங்களோ என்னமோ, சில பேரு அப்படி. கிளிப் தொண்ணூத்தஞ்சு காட்டுச்சு, பரவால்ல ரகம். காய்ச்சல் தொண்ணூத்தொம்பதரை, ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு இருக்கதுதான். எல்லாமே பரவால்ல, பரவால்லன்னுதான் இருக்கு. அந்தக் கேள்வி மட்டும் மனசை விட்டுப் போகல. எட்டு. ஒம்பது. பத்து.

"என்ன தாயி... இவ்வளவு நேரம்... பாக்க?" வெள்ளத்தாய் அம்மா கண்ணைத் திறந்துட்டாங்க. பேச்சு வந்தா எண்ணிக்கை கெட்டுப்போகும். "ஒண்ணுமில்லம்மா, நாடி சரியாக் கிடைக்கல, பேசாம படுங்க"ன்னேன். இதுவும் ஒரு பொய்தான், ஆனா இது சொல்லிக்குடுத்த பொய். "கிடைக்கலையா... செத்தா போனேன்"னு சிரிச்சாங்க. சிரிச்ச உடனே வாயைத் திறந்து காத்தை இழுத்தாங்க, கிணத்துல இருந்து ஏறி வந்த ஆள் மாதிரி. கழுத்துக் குழி உள்ள போய் வந்துச்சு. இதை ஒரு தடவை நின்னு பாத்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்கும். நான் இந்தக் கட்டிலுக்கு இன்னைக்கு மூணு தடவை வந்திருக்கேன், பெட்ஷீட்டு மாத்த, ஊசி போட, மாத்திரை குடுக்க. மூணு தடவையும் பெட்ஷீட்டைப் பாத்தேன், ஊசியைப் பாத்தேன், மாத்திரையைப் பாத்தேன். நல்லா சுறுசுறுப்பா இருக்கன்னு எப்சிபா அக்கா காலையிலதான் சொன்னாங்க. அதைக் கேட்டு சந்தோசமா வேற இருந்துச்சு.

திரும்ப. மூணாவது தடவை. இப்போ ஒண்ணையும் நெனைக்கக் கூடாது. ஒண்ணு, ரெண்டு, மூணு. எப்சிபா அக்கா அங்க மேஜையில உக்காந்து டிஸ்சார்ஜ் பேப்பர் எழுதுதாங்க, இங்க இருந்து அவங்க முதுகு தெரியுது. நாலு, அஞ்சு. முதல் வாரம் நான் ஒரு மருந்து பாட்டிலைக் கீழ போட்டு உடைச்சப்போ, சத்தம் கேட்டு ஓடி வந்த மேட்ரன் கிட்ட, என் கைதான் பட்டுச்சு மேடம்னு ஏத்துக்கிட்டாங்க. ஆறு. ஏழு. எட்டு. அவங்களுக்கு மக டென்த் படிக்கா, வீட்டுக்காரரு வளைகுடாவுல. கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு இருக்கு, மத்தியானம் ஆனா சுவத்துல சாஞ்சுக்கிட்டுத்தான் நிப்பாங்க. ஒம்பது. இருபத்தொம்பதாம் பெட்டு அம்மாவுக்கு வலிப்பு வந்தப்போ நாங்க எல்லாரும் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னோம், அவங்க ஒரே ஆளா ஒருச்சாய்ச்சு, வாயைத் துடைச்சு, காப்பாத்திட்டாங்க. பத்து, பதினொண்ணு. அவங்க நல்ல நர்சு இல்லன்னு சொன்னா என் நாக்கு அழுகிரும். பன்னெண்டு. ஆனா ஆறு மணிக்கு நைட் டியூட்டி எழுதுன பதினெட்டும் இந்தச் சார்ட்டுல இருக்கு, நேத்து சாயங்காலம் அக்கா எழுதுன பதினெட்டும் இருக்கு, நேத்து மார்னிங் டியூட்டி நான், என்னோடதும் இருக்கு. பதிமூணு, பதினாலு, பதினஞ்சு. முள்ளு ஆறுக்கு வந்துட்டு. பாதி நிமிசம். பதினாறு. இன்னும் பாதி இருக்கும்போதே பதினெட்டு வந்துரும் போல இருக்கே. பதினேழு. பதினெட்டு. வந்துட்டு. இங்கதான் நிறுத்தணும்னு என் கை பழகியிருக்கு. முள்ளு ஏழைக்கூட இன்னும் தாண்டல. பத்தொம்பது. இருபது. ஆண்டவனே, மெதுவா விடுங்கம்மா, கொஞ்சம் மெதுவா விடுங்க. இருபத்தி நாலு. இருபத்தஞ்சு. உருட்டிக்கிட்டு இருந்த விரலு நின்னுட்டு, அதை எப்போ நிறுத்துனாங்கன்னு தெரியல. முப்பது. முப்பத்தி ஒண்ணு. முப்பத்தி ரெண்டு. முள்ளு பன்னெண்டு.

முப்பத்திரண்டு. கையை விடல. விட்டா நடக்கணும், நடந்தா மேஜைக்குப் போகணும், போனா சார்ட்டை எடுக்கணும். இருபத்திரண்டுன்னு எழுதலாம். பதினெட்டுக்குப் பக்கத்துல இருபத்திரண்டு யாரு கண்ணையும் உறுத்தாது, டாக்டர் வந்தா அவரே பாத்துக்கிடுவாரு. டாக்டர் எப்போ வருவாரு, பன்னெண்டரைக்கு. வேண்டாம். முப்பத்திரண்டுன்னே எழுதிட்டு, திடீர்னு ஏறிட்டு டாக்டர்னு சொல்லலாம். அதுல யாருக்கும் சேதம் இல்ல. பத்து மணிக்கு நல்லா இருந்தாங்க, இப்போ ஏறிட்டு, உடனே கவனிச்சது யாரு, புதுசா வந்த செல்வி சிஸ்டர். பாராட்டுவாங்க கூட. மூணு மாசம் பாத்துட்டுத்தான் வேலையை நிரந்தரம் பண்ணுவோம்னு சொல்லியிருக்காங்க, எனக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு. ஆனா திடீர்னு ஏறுனா அது ஒரு சீக்கு, கொஞ்சம் கொஞ்சமா ஏறுனா அது வேற சீக்கு. திடீர்னு ஏறுனா ரத்தக்கட்டி போய் நுரையீரல்ல அடைச்சிருக்கலாம். ஒரு நாளா ஏறியிருந்தா நெஞ்சுல சளி கட்டியிருக்கலாம், உள்ள புண்ணு சீழ் வச்சிருக்கலாம். எதைத் தேடணும்னு டாக்டர் இந்தச் சார்ட்டைப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாரு. என் பதினெட்டைப் பாத்து. ஐயோ, இதைப் போய் ஒரு எண்ணுன்னு நெனைச்சு எழுதிக்கிட்டு இருந்தேனே. கட்டம் காலியா இருந்திருந்தா கூட யாராவது, இதை ஏன் எழுதலன்னு கேட்டிருப்பாங்க. நான் அதை அடைச்சு வச்சேன்.

மேஜை வரைக்கும் இருபது எட்டு இருக்கும். வார்டுல ஓடக்கூடாது, ஒருத்தி ஓடுனா முப்பத்திரண்டு பேருக்கும் பயம் வரும், அதுவும் நோட்டுல இருக்கு. ஓடல. எப்சிபா அக்கா தலையைத் தூக்காம, "எட்டாம் பெட்டு டிரெஸ்ஸிங் ஆச்சா?"ன்னாங்க. "அக்கா, பன்னெண்டாம் பெட்டுக்கு மூச்சு முப்பத்திரண்டு." பேனா நின்னுச்சு. "எண்ணுனியா?" "முழு நிமிசம்க்கா." என் முகத்தைப் பாத்தாங்க, சார்ட்டைப் பாத்தாங்க, வேற ஒரு வார்த்தை கேக்கல. டியூட்டி டாக்டருக்கு போன் போட்டுக்கிட்டே காலால ஆக்சிஜன் சிலிண்டர் வண்டியை இழுத்தாங்க. அந்த வேகத்தைப் பாத்த உடனே எனக்கு ஒரு நம்பிக்கை வந்துச்சு. பொறவு சார்ட்டுல முப்பத்திரண்டுன்னு எழுதுனேன். பத்து மணிக் கட்டத்துல இருந்த பதினெட்டு மேல ஒரே ஒரு கோடு போட்டேன், கீழ இருக்கது தெரியுத மாதிரி, அப்படித்தான் அடிக்கணும்னு சட்டம். பக்கத்துல எண்ணவில்லைன்னு எழுதி என் பேரை முழுசாப் போட்டேன், ஆவுடைச்செல்வி. இவ்வளவுதான், என் பங்கை நான் ஏத்துக்கிட்டேன், ஒரு பதினெட்டு, ஒரு கோடு, முடிஞ்சுதுன்னு அப்போ நெனைச்சேன்.

டாக்டர் நயினார் அஞ்சு நிமிசத்துல வந்துட்டாரு, சின்ன வயசு டாக்டர், படி ஏறி வந்ததுல அவருக்கே மூச்சு வாங்குச்சு. நெஞ்சுல ஸ்டெதஸ்கோப்பை வச்சு முன்னயும் பின்னயும் கேட்டாரு. அக்கா மாஸ்க்கை மாட்டி, கட்டில் தலைமாட்டைத் தூக்கி வச்சிருந்தாங்க. டாக்டர் சார்ட்டைக் கையில எடுத்துக்கிட்டு, "இது எப்போ இருந்து?"ன்னு கேட்டுட்டு அவரே வாசிச்சாரு. "நேத்து பதினெட்டு, இன்னைக்கு ஆறு மணிக்குப் பதினெட்டு. பத்து மணிக்கு..." கோடு போட்ட இடத்துக்கு வந்து நிறுத்துனாரு. "பத்து மணிக்கு நான் எண்ணல டாக்டர், சும்மா எழுதுனேன்"னேன். "சரி, ஆறு மணிக்குப் பதினெட்டுதானே?" மாஸ்க்கோட ரப்பரைச் சரி பண்ணிக்கிட்டு இருந்த அக்காவோட விரலு அப்படியே நின்னுச்சு. ஆமான்னு சொன்னா ஒரு வார்த்தையில முடிஞ்சிரும். "தெரியாது டாக்டர். இந்தச் சார்ட்டுல மூச்சு மட்டும் எதையும் நம்பாதீங்க. நாங்க எண்ணுததில்ல." அக்கா என்னையப் பாக்கல, டாக்டரையும் பாக்கல. ரப்பரை மட்டும் காதுக்குப் பின்னால மெதுவா எடுத்து விட்டாங்க.

அப்போதான் வெள்ளத்தாய் அம்மாவோட தங்கச்சி முப்பிடாதி கேன்டீன்ல இருந்து வெந்நீர் பிளாஸ்க்கோட வந்துச்சு. கட்டிலைச் சுத்தி ஆளைப் பாத்துப் பதறிட்டு. டாக்டர் அதுகிட்டயே கேட்டாரு, "உங்க அக்காவுக்கு எப்போ இருந்தும்மா மூச்சு இளைக்கு?" "நேத்து மத்தியானத்துல இருந்து சார். பாத்ரூம் போய்ட்டு வந்து, இளைக்குடீன்னா. நான் உடனே சிஸ்டர்கிட்ட சொன்னேனே." "எந்த சிஸ்டர்?" முப்பிடாதி என்னையப் பாத்து, தெரிஞ்ச முகத்தைப் பாத்த நிம்மதியில லேசாச் சிரிச்சுச்சு. "இந்தப் பிள்ளைதான் சார். நல்ல பிள்ளை. கையில அவ்வளவு வேலையோட நின்னு, நோட்டை எடுத்து விரிச்சுப் பாத்து, மூச்சு பதினெட்டு, எல்லாம் சரியா இருக்கு, பயப்படாதீங்கக்கான்னு சொல்லிச்சு. பொறவுதான் எங்களுக்கு நிம்மதி. அதனாலதான் ராத்திரி இளைச்சப்பவும் நாங்க யாரையும் கூப்பிடல."

சொன்னேனா? சொன்னேன். இப்போ ஞாபகம் வருது. கையில மருந்து தட்டு, இவங்க குறுக்க வந்து நிக்காங்க, நான் இடது கையால சார்ட்டை விரிக்கேன், பதினெட்டுன்னு இருக்கு. நான் எழுதுனது. எழுதி ரெண்டு மணி நேரம் கூட ஆகியிருக்காது. நான் எழுதுன பொய்யை நானே வாசிச்சு, நானே நம்பி, இவங்களையும் நம்ப வச்சு அனுப்பியிருக்கேன். பொய் சொல்லுதோம்னு ஒரு நிமிசம் கூடத் தோணல, அதனாலதான் ஞாபகத்துல கூட நிக்கல. "ஆமா டாக்டர், எங்கிட்டதான் சொன்னாங்க"ன்னேன். டாக்டர் "நேத்து மத்தியானம்"னு வாயால சொல்லிக்கிட்டே எழுதுனாரு, கிட்டத்தட்ட ஒரு நாள் போயிருக்கு, உடனே எக்ஸ்ரே, ரத்தம், மேல ஐசியூல பெட்டு கேளுங்கன்னு மளமளன்னு சொன்னாரு. சொல்லி முடிச்சுட்டு சார்ட்டை மூடி என் பக்கம் திரும்புனாரு. அந்த முகத்தைப் பாத்து நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன், என்ன சொன்னாலும் வாங்கிக்கிடணும்.

வெள்ளத்தாய் அம்மா கையைத் தூக்கி மாஸ்க்கைக் கீழ இழுத்தாங்க. "அந்தப் பிள்ளைய..." மூச்சு. "ஏசாதிய..." மூச்சு. அடுத்த வார்த்தைக்காக வாயைத் திறந்துக்கிட்டே இருந்தாங்க, காத்து பத்தல. "பேசாதீங்கம்மா, பேசாதீங்க"ன்னு நான் மாஸ்க்கைத் திரும்ப மூக்குல வச்சு அமுக்கிப் பிடிச்சேன். என் கண்ணுல தண்ணி நிறைஞ்சு எதுவும் தெரியல, போர்வை ரூமுக்குப் போக நேரமும் இல்ல. எப்சிபா அக்கா கட்டில் சக்கரத்தோட பிரேக்கைக் காலால தட்டிவிட்டு, "தலைமாட்டைப் பிடிட்டி"ன்னாங்க. ரெண்டு பேரும் தள்ளுனோம்.